விலை பேசாமல் பாவமன்னிப்புக் கேட்பது எப்படி?

பாவமன்னிப்புக்காக முழங்காலிடும் பலர், தம்மை அறியாமலேயே தேவனிடம் பேரம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த ஒருமுறை மன்னித்தால் உபவாசம் இருப்பேன், காணிக்கையைக் கூட்டித் தருவேன் என்று பொருத்தனை செய்வது பக்தியாகத் தோன்றினாலும், இலவசமாய் அருளப்படும் கிருபைக்கு விலை வைப்பதாகவே அது முடிகிறது. ஆகவே ஜெபிக்குமுன், மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் வரும் கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையை நிதானமாக வாசியுங்கள்.

அவன் தன் ராஜாவிடம் பட்ட கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் அது தீர 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அவனோ, "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று தவணைதான் கேட்டான். கிடைத்ததோ, அவன் கேட்கத் துணியாத முழு விடுதலை. உங்கள் பொருத்தனைகளை இந்தக் கணக்கின் அருகே வைத்துப் பாருங்கள்.

அடுத்து, பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்கள்" என்ற பொதுச்சொல் சபையாராகக் கூடி ஜெபிக்கையில் பொருந்தும். தனி ஜெபத்தில் அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. யாரிடம் பொய் சொன்னோம், யாருடைய கூலியைப் பிடித்துவைத்தோம் என்பதைச் சாக்குச் சேர்க்காமல் சொல்லுங்கள். நீண்ட ஜெபம் தேவையில்லை. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரியோடு, வரி வசூலிப்பவனாகிய ஆயக்காரன் நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பினான் (லூக்கா 18). பின்பு, பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ வாசித்து, நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். மன்னிக்கப்பட்ட உணர்வு வரும்வரை அழுதே தீரவேண்டும் என்று எண்ணினால், கண்ணீரும் ஒரு விலையாகிவிடும்.

அப்படியானால் செய்த தீங்கைச் சரிசெய்ய வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது. தன் வீட்டில் தங்க இயேசு முன்வந்த பிறகே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருவதாக ஆயக்காரர் தலைவனாகிய சகேயு சொன்னான் (லூக்கா 19). ஆகவே எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். புண்படுத்தியவரிடம் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். செய்தது சட்டப்படி குற்றமாயின், தேவனே மன்னித்துவிட்டார் என்று சொல்லி விசாரணைக்குத் தப்ப முயல்வது கிருபையைத் திரிப்பதாகும்.

உவமையின் பிற்பகுதியையும் விட்டுவிடாதீர்கள். கடன் மன்னிக்கப்பட்ட அதே ஊழியக்காரன், தன்னிடம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை மன்னிக்காமல் காவலில் போட்டான். அந்த உடன் ஊழியக்காரன் பட்டிருந்த 100 வெள்ளிப்பணம் அற்பத் தொகையன்று. அது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கூலி. எனவே உங்களுக்குத் தீங்கு செய்தவரை மன்னிக்கும்போது, "அது ஒன்றுமில்லை" என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இழந்ததை இழந்தபடியே தேவனிடம் சொல்லி, பழிவாங்கும் உரிமையை அவரிடம் விட்டுவிடுங்கள். ஆறாத காயமானால் ஒரு ஜெபத்தில் இது முடியாது. மறுநாளும் அதே பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.