கேமிங் கணினி வாங்குமுன் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

குறைந்த செலவில் கேமிங் கணினி அமைப்போர் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கே பணத்தை ஒதுக்கிவிட்டு, கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போதும் என்று இருந்துவிடுகிறார்கள். காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் போய்ப் போய் வரும் நம் டெல்டா ஊர்களில் இது தவறான சிக்கனம்.

கும்பகோணத்தில் நான் வாங்கிய அத்தகைய ஒன்றின் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பக்கவாட்டு லேபிளிலோ 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் மட்டுமே இருந்தது, அதாவது 192 வாட். ரைசன் 5 5600 பிராசஸருக்கு 65 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். சேர்த்தால் 235 வாட், அந்த 192-ஐத் தாண்டிவிடும். இவை இரண்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், கடையிலேயே ஆம்பியரை 12 ஆல் பெருக்கிப் பார்த்துவிடுவது நல்லது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்றுதானே தவிர, உள்ளிருக்கும் பாகங்களின் தரத்துக்கான சான்று அன்று.

கையில் பணம் போதவில்லையெனில், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசஸருடன் தொடங்கி, கார்டைப் பிறகு வாங்கலாம். அப்போது 16 ஜிபி ரேமை ஒற்றைக் குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி குச்சிகளாக வாங்குங்கள். விளையாட்டின் வேகத்தில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

கேபினெட்டின் முன்புறம் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வலை இருக்கட்டும். சம்பா அறுவடை நாள்களில் எங்கள் வீட்டு வலையில் வாரத்துக்கு ஒரு முறை வைக்கோல் தூசி படிகிறது.