கேரவன் இழுக்க எந்தக் கார்?

பிரிட்டனில் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டி) வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "என் கார் இழுக்குமா?" இன்றைய கார்களில் நிறைய இழுத்துவிடும். பின்னால் அது ஆட ஆரம்பித்தால் கார் தாக்குப்பிடிக்குமா என்று கேளுங்கள். அங்கே எஞ்சினைவிட எடைதான் பேசும்.

புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு 85 சதவீதம். சாமான் ஏற்றிய கேரவனின் உச்ச எடை, காரின் வெற்று எடையில் அதைத் தாண்டக்கூடாது. 1500 கிலோ கார் என்றால் 1275 கிலோ கேரவன். இது வெறும் அறிவுரைதான், ஆனால் கார் கம்பெனி கொடுத்திருக்கும் இழுவை வரம்பை மீறினால் சட்டப்படி குற்றம். எலக்ட்ரிக் கார்க்காரர்கள் கையேட்டைப் பாருங்கள், சில மாடல்களில் இழுக்கவே அனுமதி இல்லை.

சரி, சாமான் ஏற்றுவது. நிறையப் பேர் சொதப்புவது இங்கேதான். கனமானதெல்லாம் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு. மேல் அலமாரியில் போர்வை, துணிமணி மட்டும். பின்பக்கம் சைக்கிள், தண்ணீர் கேன் (40 லிட்டர் என்றால் 40 கிலோ!) என்று அடுக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் மோட்டார்வேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) பாம்பு மாதிரி நெளியும். டோ பாலின் (கேரவனை மாட்டக் காரின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கி) மேல் இறங்கும் எடை, கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்கட்டும். 1275 கிலோவுக்கு ஏறக்குறைய 64 முதல் 89 கிலோ. காருக்கான வரம்பு அதைவிடக் குறைவென்றால் அந்த வரம்புதான் கணக்கு.

கேரவனைக் காரில் மாட்டியதும், அதன் முன்னால் இருக்கும் ஜாக்கி வீலை (ஏற்றி இறக்கும் சின்னத் தாங்கு சக்கரம்) கீழே இறங்கும்படி சுற்றி, காரின் பின்பக்கம் லேசாக எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. பிரேக்அவே கேபிளை மறக்காதீர்கள், கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைப்பது அந்தக் கம்பிதான். கேரவன் காரைவிட அகலமென்றால் கூடுதல் கண்ணாடி கட்டாயம். விளக்குகள், டயர் காற்று, காரின் அதே நம்பர் பிளேட், கேஸ் மூடியாச்சா என்று ஒரு சுற்று. ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது, குழந்தை எவ்வளவு அடம்பிடித்தாலும்.

நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60. மூன்று லேன் இருந்தால் வலது கடைசி லேன் உங்களுக்கு இல்லை. ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பி அடக்கவும் பார்க்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும்.

ரிவர்ஸுக்கு ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். முதலில் காலி மைதானத்தில் பழகுங்கள், கேரவன் சைட்டில் எல்லாரும் டீயோடு வேடிக்கை பார்ப்பார்கள்.