‘கசின்’ என்றால் யார்? பிறப்பு ரகசியத் தியரி கட்டும் முறை

சனிக்கிழமை காலை பெங்களூரு கப்பன் பார்க் மரத்தடியில் மௌனமாகப் படிப்பவர்கள், அது முடிந்து சர்ச் ஸ்ட்ரீட் காபிக் கடையில் உட்கார்ந்ததும் வாயைத் திறக்கிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கில ரொமாண்டசி, அதாவது மாயாஜால உலகத்தில் நடக்கும் காதல் கதைத் தொடர். ஐந்நூறு வயது இளவரசன், தன் அப்பா யாரென்று தெரியாத இருபது வயதுப் பெண், இன்னும் வெளிவராத அடுத்த பாகம். “அவ அந்த ராஜாவோட பொண்ணுதான்” என்று யாராவது ஒரு தியரி, அதாவது ஊகம், சொன்னால், அது தேறுமா என்று சோதிக்க வழி இருக்கிறது.

முதல் வேலை, கதையில் வரும் உறவுகளையெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதுவது. ‘சிஸ்டர்’ என்று படித்ததை எழுதப் போனாலே பேனா நின்றுவிடும்: அக்காவா, தங்கையா? ‘அங்கிள்’ தாய்மாமனா, சித்தப்பாவா, அத்தையின் கணவரா? ‘கசின்’ இன்னும் மோசம். பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, மாமா பிள்ளை எல்லோரையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுவார்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அம்மா வழியா, அப்பா வழியா என்ற கேள்விக்குறி ஒரே குடும்பத்தைச் சுற்றி நாலைந்து விழுந்தால், தோண்ட வேண்டிய இடம் அதுதான். அக்கா தங்கை கேள்விக்குறியை மட்டும் பெரிதாக எடுக்காதீர்கள். பெரும்பாலும் அது ஆங்கிலத்தின் பழக்கம், ஆசிரியரின் தந்திரமில்லை.

அடுத்தது வயதுக் கணக்கு. முக்கால்வாசித் தியரிகள் உடைவது இங்கேதான். முதல் அத்தியாயம் நடக்கும் நாளைப் பூஜ்யமாக வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். நாயகிக்கு அன்று 19 வயது 4 மாதம் என்றால், கரு உண்டானது அதற்கும் ஏறக்குறைய 9 மாதம் முன்னால், அதாவது சுமார் 20 வருடம் 1 மாதத்துக்கு முன். சந்தேகப்படும் ராஜா 21 வருடத்துக்கு முன்பே சிறைப்பட்டு, நடுவில் வெளியே வரவே இல்லை என்றால் ஆள் அவரில்லை. ஒரு பாத்திரம் “இருபது வருஷம் இருக்கும்” என்று பேச்சுவாக்கில் சொன்னால் இரண்டு பக்கமும் ஒரு வருடம் விட்டுப் பிடியுங்கள். “பனிக்காலத்தில் பிறந்தவள்” என்பது மாதிரி வரிகளை மஞ்சள் கோடு போட்டு வையுங்கள். கணக்கை இறுக்குவது அவைதான். மனிதரல்லாத இனத்துக்குக் கர்ப்பகாலம் வேறு என்று கதையே சொல்லியிருந்தால் அந்தக் கணக்குதான். சாகாவரம் பெற்ற பாத்திரங்களிடம் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். ஆயிரம் வயதுக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் அப்பாவாக இருக்கலாம். அவர் அந்த ஊரில் இருந்தாரா என்பதை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதுங்கள். யார் பார்வையில் அத்தியாயம் ஓடுகிறதோ அவர் கண்ணால் கண்டதற்கு எடை அதிகம். கேள்விப்பட்டதற்குக் குறைவு. சாகும் நேரத்தில் வில்லன் உளறியதற்கும் பாட்டாக வரும் தீர்க்கதரிசனத்துக்கும் அதைவிடக் குறைவு. ஒரே வதந்தியை மூன்று பேர் சொன்னால் அது ஒரு குறிப்புதான், மூன்றில்லை. கண் நிறம், முடி நிறம் பற்றிப் பள்ளி உயிரியல் பாடத்தை இழுக்க வேண்டாம். அந்த உலகத்தில் நிறம் எப்படி இறங்குகிறது என்று வேறு இரண்டு மூன்று குடும்பங்களில் பார்த்துவிட்டு விதியை வகுக்கலாம்.

பழகிப் பார்க்க விடை தெரிந்த தொடர் வேண்டும். அதற்குப் ‘பொன்னியின் செல்வ’னை மிஞ்ச ஆளில்லை (படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). நந்தினி மந்தாகினியை உரித்து வைத்திருக்கிறாள். மந்தாகினியை ஒரு காலத்தில் காதலித்தவர் சுந்தர சோழர். ஆகவே நந்தினி அவர் மகள் என்று குந்தவையே நம்புகிறாள். பிழை எங்கே? முகச்சாயல் அம்மா யாரென்று காட்டியது, அவ்வளவுதான்; அப்பாவைக் காட்டவில்லை. ‘அம்மா’, ‘அப்பா’ என்று தனித்தனி வரிசை போட்டு, ஒன்றுக்குக் கிடைத்த ஆதாரத்தை மற்றதில் எழுதாமல் இருந்தால் இந்தக் குழியில் விழ மாட்டீர்கள். மதுராந்தகன், சேந்தன் அமுதன் குழந்தை மாற்றத்தையும் இதே நோட்டில் போட்டுப் பாருங்கள். 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானதால் பதிப்புகள் ஏராளம், பக்க எண்கள் ஒத்துப்போகாது. பாகம், அத்தியாயம் என்றே குறியுங்கள். ஆங்கிலத் தொடருக்கும் இதுதான்; கிண்டிலில் படிப்பவரும் அச்சுப் புத்தகம் வைத்திருப்பவரும் பக்க எண்ணை வைத்துச் சண்டை போடுவது வீண்.

காதல் ஜோடியைத் தொடும் தியரியில் இன்னொரு வம்பு உண்டு. நமக்கு அத்தை மகன் முறைப்பையன், சித்தப்பா மகன் அண்ணன் தம்பி முறை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தப் பிரிவே மனதில் இருக்காது. “முறை வருதே, அப்போ சேர்ந்துடுவாங்க” என்பதும், “முறை தப்புது, அதனால பிரிவாங்க” என்பதும் நம் வீட்டுக் கணக்கு. அதை ஆதாரமாக எழுதாதீர்கள். நாயகனும் நாயகியும் உடன்பிறப்பு என்று முடியும் தியரியை மட்டும் தைரியமாக ஓரங்கட்டலாம்: ரொமான்ஸ் வகையில் வாசகருக்குக் கொடுத்த வாக்கே அந்த இருவரும் சேர்வார்கள் என்பதுதான். அப்படி ஒரு வதந்தி கதைக்குள்ளேயே கிளம்பினால், அது பொய் என்று உடைக்கத்தான் வந்திருக்கும்.

புதுப் பாகம் வருவதற்கு முன் தியரியை இரண்டே வரியில் எழுதித் தேதி போடுங்கள். கீழே, எது நடந்தால் இதைக் கைவிடுவேன் என்று ஒரு வரி. “அந்தப் போருக்கு முன்பே அவள் பிறந்திருந்தால் ராஜா அப்பா இல்லை” என்பது போதும். இந்த மூன்றாவது வரி எழுதவே வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது வெறும் ஆசை.

வாட்ஸ்அப் குழுவில் போடும்போது முதல் வரியில் தொடரின் பெயர், எத்தனையாவது பாகம் வரை என்பது மட்டும் இருக்கட்டும். நோட்டிஃபிகேஷனில் தெரிவது அந்த முதல் வரிதான். ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறி மூன்றாம் பாகத்தில் மூழ்கியிருப்பவர் மெஜஸ்டிக் வருவதற்குள் அப்பா யாரென்று தெரிந்துகொண்டால் அந்த வாரக் காபிக்கு வர மாட்டார்.