சமூக ஊடகப் பங்கின் விலையை விளம்பர வருவாயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

பங்குச் சந்தைக்குப் புதியவர்கள் பெரும்பாலும் ஒரு பங்கின் விலையைப் பார்த்தே அது மலிவு அல்லது அதிகம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எனவே, முதல் வேலையாக, பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, நிறுவனம் முழுவதற்கும் சந்தை தரும் மதிப்பைக் கண்டறியுங்கள். 2012 மே 18 அன்று ஃபேஸ்புக் 38 டாலர் வெளியீட்டு விலையில் சந்தைக்கு வந்தபோது, அதன் மதிப்பு சுமார் 10,400 கோடி டாலராக இருந்தது.

அடுத்து, ஆண்டறிக்கையில் விளம்பர வருவாயைத் தனியாகப் பாருங்கள். 2011இல் ஃபேஸ்புக்கின் மொத்த வருவாய் 371 கோடி டாலர். அதில் விளம்பரத்தின் பங்கு 315 கோடி. ஒரு காலாண்டின் எண்ணை நான்கால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்க வேண்டாம். குன்னூரில் தங்கும் விடுதி நடத்துபவர் மே மாத சீசனுக்கு முன்பு சென்னை, பெங்களூர்வாசிகளுக்குத் தெரியும்படி இன்ஸ்டாகிராமில் விளம்பரம் கொடுக்கிறார். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அதை நிறுத்திவிடுகிறார். உலகளவில் பண்டிகைக் கால விற்பனை ஆண்டின் கடைசிக் காலாண்டில் குவிவதால், இந்த நிறுவனங்களின் வருவாயும் அப்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 10,400ஐ 315ஆல் வகுத்தால் 33 வருகிறது. அதாவது, ஓராண்டு விளம்பர வருவாயைப் போல 33 மடங்கு விலை. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வாங்குபவர் ஆண்டு முழுவதும் பறிக்கும் பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் தொகையைப் போல 33 மடங்கு கொடுக்கிறார் என்றால், இன்றைய விளைச்சலுக்காக மட்டும் அவர் அந்த விலையைக் கொடுக்கவில்லை. விளைச்சல் பல மடங்கு பெருகும் என்று நம்பித்தான் கொடுக்கிறார்.

அந்த நம்பிக்கை எவ்வளவு பெரியது என்பதை அளப்பதே இந்த முறையின் உயிர்நாடி. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். வளர்ச்சி நிதானமடைந்த பிறகு நிறுவனம் தன் ஆண்டு லாபத்தைப் போல 20 மடங்கு விலை பெறும் என்றும், வருவாயில் கால் பங்கு லாபமாக நிற்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 10,400 கோடி மதிப்புக்கு 520 கோடி லாபம் வேண்டும். அதற்கு 2,080 கோடி வருவாய் வேண்டும். ஆக, விளம்பர வருவாய் ஆறரை மடங்குக்கு மேல் வளர வேண்டும். அது நடக்கவும் செய்தது: 2016இல் ஃபேஸ்புக்கின் விளம்பர வருவாய் சுமார் 2,690 கோடி டாலர், நிகர லாபம் 1,000 கோடிக்கு மேல். ஆயினும் 2012 செப்டம்பரில் அதே பங்கு 18 டாலருக்கும் கீழே இறங்கியது. பயனர்கள் கணினியிலிருந்து கைபேசிக்கு மாறிக்கொண்டிருக்க, கைபேசியில் விளம்பர வருவாய் வருமா என்பது அப்போது உறுதியாகவில்லை. 2013 கடைசிக் காலாண்டில் விளம்பர வருவாயில் பாதிக்கு மேல் கைபேசியிலிருந்தே வந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் நீங்கியது.

பயனர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். 2023 கடைசிக் காலாண்டில் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாவில் ஒரு பயனரால் கிடைத்தது சராசரியாக 68 டாலர். நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் ஐந்தரை டாலர்தான். எனவே, புதிய பயனர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள்.

இறுதியாக, இதே கணக்கை ட்விட்டருக்கும் போட்டுப் பாருங்கள். 2013 நவம்பர் 7 அன்று, சந்தைக்கு வந்த முதல் நாள் முடிவில், அதன் பங்கு 44.90 டாலர். 2013இல் 59 கோடி டாலராக இருந்த அதன் விளம்பர வருவாய் 2021இல் 451 கோடியாக, ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இருந்தும், 2022 அக்டோபரில் நிறுவனம் கைமாறியபோது பங்குக்குக் கிடைத்த விலை 54.20 டாலர். அந்த வளர்ச்சியில் பெரும்பகுதிக்கான விலையை முதல் நாளில் வாங்கியவர்கள் அன்றே கொடுத்துவிட்டிருந்தார்கள்.