“எப்பவும் கேக்குறதுதான்”: சொந்தத் தகவலைக் கையாள்வதில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் இங்கே சிங்கப்பூரில் அக்கா மகனைத் துணைப்பாட நிலையம் ஒன்றில் சேர்க்கப் போயிருந்தேன். இரண்டு பக்கப் படிவம் கொடுத்தார்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, வகுப்பு என்று தொடங்கி, பிறப்புச் சான்றிதழ் எண், அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) எண், அம்மாவின் ஐசி எண், இருவரின் வேலை, மாத வருமானம் என்று நீண்டது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெற்றோரும் பேனாவை வாங்கி மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். “ஐசி எண் எதுக்கும்மா?” என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. “எப்பவும் கேக்குறதுதான் அக்கா” என்றாள். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, “சரி, அதை விட்டுடுங்க” என்று அந்த மூன்று வரிகளையும் அவளே கோடு போட்டு அடித்தாள்.

ஒரு கேள்விதான் கேட்டேன். பல வருடமாக அதைக்கூடக் கேட்காமல் நானும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ, ஒருவர் யார் என்பதைத் துல்லியமாக உறுதிசெய்யவேண்டிய கட்டாயம் இருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் நம் ஐசி எண்ணை வாங்கவோ அட்டையை நகலெடுக்கவோ கூடாது. பிறப்புச் சான்றிதழ் எண், வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதி அட்டை எண் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் கடை உறுப்பினர் அட்டைக்கும் அந்த எண் தேவையே இல்லை. கொண்டோ அடுக்குமாடி வாசலில் காவலர் அட்டையைப் பார்க்கலாம். ஆனால் வெளியே வரும்வரை அதை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

ஐசி எண்ணைப் பூட்டு என்று நம்புவது

இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடம் உண்டு. ஐசி எண் ஏதோ பரம ரகசியம், அதைச் சரியாகச் சொல்பவர் உண்மையான ஆளாகத்தான் இருப்பார் என்ற நம்பிக்கை. போனில் பேசுபவர் நம் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் பிழையில்லாமல் வாசித்தால் நமக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. “எல்லாம் சரியா சொல்றாரே, பேங்க்லேர்ந்துதான் கூப்பிடுறார்போல” என்று தோன்றிவிடுகிறது. ஏமாற்றுக்காரர்களுக்கு அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதும்.

எண்ணின் அமைப்பைப் பாருங்கள். 1968க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களின் ஐசியில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. 2000க்கு முன் பிறந்தவர் என்றால் முன்னெழுத்து எஸ், பின் என்றால் டி. கடைசி எழுத்து, ஏழு இலக்கங்களையும் வைத்து ஒரு கணக்குப்படி வருவது. அந்தக் கணக்கு பல காலமாக எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. “பாதுகாப்புக்காக” என்று சொல்லிப் பல இடங்களில் கடைசி மூன்று இலக்கத்தையும் எழுத்தையும் மட்டும் காட்டுவார்கள். பிறந்த ஆண்டு தெரிந்துவிட்டால் மிஞ்சுவது இரண்டே இலக்கம், அதாவது நூறு சாத்தியங்கள். கடைசி எழுத்தோடு பொருந்துகிறதா என்று சலித்தால் ஒன்பதோ பத்தோதான் மிஞ்சும். ஃபேஸ்புக்கில் பிறந்தநாள் கேக்கோடு வயதையும் போடும் ஊரில் இது எவ்வளவு நேர வேலை?

2024 டிசம்பர் 9ஆம் தேதி நிறுவனப் பதிவுக்கான பிஸ்ஃபைல் இணையத்தளம் புது வடிவில் வந்தபோது, பெயரைத் தட்டினால் முழு ஐசி எண்ணும் இலவசமாகத் தெரிந்தது. 13ஆம் தேதி அந்தத் தேடலை நிறுத்துவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்துவிட்டன. அமைச்சர் ஜோசஃபின் டியோ மன்னிப்புக் கேட்டார். ஐசி எண் பெயரைப்போல ஒரு அடையாளம்தான், அதை ரகசியமாகவோ கடவுச்சொல்லாகவோ நினைக்கக் கூடாது என்று அரசாங்கம் விளக்கியது. அந்த விளக்கம் சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் வரிசை தவறிவிட்டது. முதலில் மக்களுக்குச் சொல்லி, வங்கி, காப்புறுதி நிறுவனங்களை மாறச் செய்து, அதற்கப்புறம்தான் எதையும் திறந்திருக்க வேண்டும். தம் எண்ணை இணையத்தில் பார்த்துப் பதறிய பிறகு அந்த விளக்கத்தைக் கேட்ட மக்களுக்கு, அது சாக்குப்போக்காகத்தான் பட்டது.

ஐசி எண்ணைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று தனியார் நிறுவனங்களுக்கு 2025 ஜூனில் அறிவுறுத்தல் வந்தது. உங்கள் காப்புறுதிக் கடிதமோ மருத்துவ அறிக்கையோ இன்னும் ஐசி எண்ணைத் தட்டினால் திறக்கிறது என்றால், அனுப்பியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அம்மாவின் கைப்பேசியில் ஏதாவது செயலிக்கு ஐசி எண்ணே கடவுச்சொல்லாக இருந்தால் இன்று இரவே மாற்றுங்கள். ஆனால் “ரகசியம் இல்லைன்னு சொல்லிட்டாங்களே” என்று கேட்டவருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த விளக்கம் 2019 விதியை ரத்து செய்யவில்லை.

கடைக்கும் அரசாங்கத்துக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பது

2012இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (பிடிபிஏ) பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். விளம்பர அழைப்பு வந்தால் “பிடிபிஏ தெரியுமா?” என்று மிரட்டக்கூடச் செய்கிறோம். அந்தச் சட்டம் அமைச்சுகளையும் அரசாங்க அமைப்புகளையும் கட்டுப்படுத்தாது என்பது பலருக்குத் தெரியாது. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை நிர்வாகச் சட்டமும் உள் விதிமுறைகளும் இருக்கின்றன. அனுமதியில்லாமல் தகவலை வெளியே விடும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. ஓர் அமைப்பிடம் நீங்கள் கொடுத்த தகவலை இன்னோர் அமைப்போடு பகிர்வதற்கும் அதே சட்டம் வழி செய்கிறது. அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கான சிங்பாஸ் வழியாக மைஇன்ஃபோ படிவம் தானே நிரம்பும்போது கிடைக்கும் வசதியும் இப்படித் தகவல் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதால் வருவதுதான்.

இந்த வித்தியாசத்தை 2018இல் பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த்தின் கணினிகளில் நடந்த ஊடுருவலில் பார்த்தோம். 15 லட்சம் நோயாளிகளின் பெயர், ஐசி எண், முகவரி எல்லாம் களவு போயின. அவர்களில் சுமார் 1,60,000 பேர் என்ன மருந்து வாங்கினார்கள் என்ற விவரமும் போனது. அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் தகவலைக் குறிவைத்தே தேடியிருந்தார்கள். சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும், அதன் கணினி அமைப்பைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. இரண்டும் நிறுவனங்களாகப் பதிவானவை என்பதால் அந்த அபராதத்தை விதிக்க முடிந்தது. இதே கசிவு ஓர் அமைச்சுக்குள் நடந்திருந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்க முடியாது. எந்தக் கதவைத் தட்டுவது என்பது தகவல் யாரிடமிருந்து கசிந்தது என்பதைப் பொறுத்தது.

சொன்னதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்வது

கொரோனா காலத்தில் எங்கள் வீட்டில், தொற்றுத் தடமறியும் டிரேஸ்டுகெதர் கருவி, சாவிக்கொத்தோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அம்மா அதை மறந்துவிட்டுத் தேக்கா சந்தைக்குப் போய், மீன் வாங்க முடியாமல் திரும்பி வந்திருக்கிறார். கிட்டத்தட்ட எல்லார் வீட்டுக் கதையும் அதுதான். 2020 மார்ச்சில் செயலியாகத் தொடங்கிய திட்டம் அது. கிருமித்தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டறிய மட்டுமே அந்தத் தரவு என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்த ஆண்டு ஜூனில் சொன்னார். அதை நம்பித்தான் மக்கள் வாங்கிக்கொண்டார்கள்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வேறு பதில் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விசாரணைக்குத் தேவைப்பட்டால் போலீசார் அந்தத் தரவையும் கேட்டுப் பெறலாம். ஒரு கொலை வழக்கில் அப்படிச் செய்தும் இருந்தார்கள். முன்பு பேசியபோது அந்தச் சட்டம் தம் நினைவுக்கு வரவில்லை என்று மறுநாள் அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் இந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தைதான், ஆனால் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்த சட்டத்துக்கு முன்னால் அதற்கு வலு இல்லை. கேள்விகள் கிளம்பிய பிறகு, 2021 பிப்ரவரி 2ஆம் தேதி தனிச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் போன்ற ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே அந்தத் தரவைத் தொடலாம், மீறும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்கலாம் என்று எழுதினார்கள். மக்கள் கேட்டார்கள், வரம்பு வந்தது. புதிதாக ஒரு கேமராவோ செயலியோ அட்டையோ வரும்போது நம் தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் போய்க் கேட்க வேண்டியவை இவைதான்: எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறீர்கள், வேறு யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிப்பீர்கள்?

“மறைக்க என்கிட்ட என்ன இருக்கு” என்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஒன்றே ஒன்று கேட்பேன். உங்கள் சர்க்கரை அளவு, மகளின் விவாகரத்து மனு, தம்பி வாங்கிய கடன் இவற்றையெல்லாம் கோப்பிக்கடை மேசையில் பரப்பி வைப்பீர்களா? அவற்றில் குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் வைக்க மாட்டோம்.

இந்தியாவிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பி இங்கே வாதாடுவது இன்னொரு தவறு. 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி, தனியுரிமை அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பெருமைப்படத்தக்க தீர்ப்பு, ஆனால் அது அங்கே. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தில் தனியுரிமை என்று பெயர் சொல்லி ஒரு பிரிவு கிடையாது. இங்கே நமக்கு இருப்பது தனித்தனிச் சட்டங்கள். அவற்றைத் தெரிந்துவைத்திருப்பதுதான் நமக்குக் கைகொடுக்கும்.

போலீஸ் என்றதும் பதறுவது

இதில் இரண்டு விதமாகத் தவறுகிறோம். கைப்பேசியை யாரும் தொடவே முடியாது என்று இளையர்கள் சிலர் நினைக்கிறார்கள். கைதுசெய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும் போலீசாருக்குக் கணினியையும் கைப்பேசியையும் பார்க்கவும், திறக்கச் சொல்லவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. மறுப்பதும் குற்றம். அப்படிக் கேட்டால், எந்த வழக்கு, எந்தச் சட்டப்பிரிவு என்று மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்கள் இதற்கு நேர்மாறு. சீருடையில் யாராவது வீடியோ அழைப்பில் வந்தால் போதும், கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். 2024இல் மட்டும் இங்கே மோசடிகளில் 110 கோடி வெள்ளி பறிபோனது. சிங்கப்பூர் அரசாங்க அதிகாரி யாரும் போனில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார், வங்கிக் கடவுச்சொல் கேட்க மாட்டார், அதிகாரபூர்வமில்லாத இடத்திலிருந்து செயலி இறக்கச் சொல்ல மாட்டார், “இருங்க, போலீசுக்கு லைன் மாத்துறேன்” என்றும் சொல்ல மாட்டார். சந்தேகமாக இருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799ஐ அழையுங்கள். அப்பா அம்மாவின் குளிர்பதனப்பெட்டிக் கதவில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

2025 ஜூலை 1 முதல் இன்னொரு அதிகாரமும் வந்திருக்கிறது. ஏமாற்றப்படுவதை நம்ப மறுத்துப் பணம் அனுப்பத் துடிப்பவரின் வங்கிப் பரிவர்த்தனையைப் போலீசார் 30 நாளுக்குத் தடுத்து வைக்கலாம். தேவைப்பட்டால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். என் பணத்தை நான் எடுப்பதைத் தடுக்க யாருக்கு உரிமை என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் இதை ஏற்கிறேன். வாழ்நாள் சேமிப்பைத் தொலைத்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். தவிர, நாள் கணக்கும் மேல்முறையீடு செய்யும் வழியும் சட்டத்திலேயே இருக்கின்றன.

அடுத்தவர் தகவலை அள்ளிவிடுவது

வேலைக்கு ஆள் தேடுகிறார் என்று யாரோ ஒருவரின் வேலை அனுமதி அட்டைப் படம் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். நல்லது செய்கிறோம் என்று நாமும் நாலு குழுவுக்குத் தட்டிவிடுவோம். அந்தத் தம்பியின் முகம், பெயர், எண், முதலாளி எல்லாம் இனி யார் கையிலோ. தனிமனிதர் சொந்த முறையில் செய்வதைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடாது. ஆனால் ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவரது விவரங்களை வெளியிட்டால், 2020 ஜனவரி 1 முதல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம். சிங்பாஸ் கணக்கைக் காசுக்கு இரவல் கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. குற்றத்துக்கு உதவும்படி கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. ஊழியர் தங்குவிடுதியில் யாராவது “ஒரு நாளைக்குத்தான் தம்பி” என்று கேட்டால் கொடுக்கவே கூடாது.

கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று விட்டுவிடுவது

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய தயக்கம். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும் என்பது சட்டம். அவருக்கு நான் எழுதும் மின்னஞ்சல் மூன்றே வரி: “என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள்? கடந்த ஓராண்டில் அதை எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள்? விளம்பரத்துக்குப் பயன்படுத்த நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.” கேட்ட தகவலை 30 நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்று அதற்குள் எழுத வேண்டும். நியாயமான ஒரு கட்டணம் கேட்கலாம். பதிலே வராவிட்டால் அனுப்பிய மின்னஞ்சலின் தேதியோடு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் புகார் கொடுக்கலாம்.