மான் வேட்டைக்கு முதல்முறை போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்?

வட அமெரிக்காவில் குடியேறி ஓரிரு வருடம் ஆனால், இலையுதிர் காலத்தில் உடன் வேலை பார்ப்பவர் யாராவது "சனிக்கிழமை மான் வேட்டைக்குப் போகிறோம், வர்றீங்களா?" என்று கேட்டுவிடுவார். உடனே நம் மனம் துப்பாக்கியைப் பற்றித்தான் யோசிக்கும். அந்தக் கவலையைக் கூட்டிப்போகிறவரிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கு அன்றைய நாளின் பெரும்பகுதி குளிரில் அசையாமல் உட்கார்ந்திருப்பதிலேயே போகும். மான் விழுந்துவிட்டால் மிச்ச நேரம் முழுக்க இடுப்பொடிய வேலை. பை இந்த இரண்டுக்கும் தயாராக இருந்தால் போதும்.

முதலில் காகிதங்கள். நீங்களும் சுடப்போகிறீர்கள் என்றால் வேட்டை உரிமம், மானுக்கான டேக் (சுட்ட மானின்மேல் கட்டும் சீட்டு), அடையாள அட்டை, தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளர் எழுதிக் கொடுத்த அனுமதி, எல்லாம் ஒரு ஜிப் கவரில் இருக்கட்டும். கூடவே ஒரு பேனாவும் கொஞ்சம் கயிறும். பல இடங்களில் மான் விழுந்த இடத்திலேயே டேக்கில் தேதியைக் குறித்துக் கட்டிவிட வேண்டும். அதற்கு முன் அதை நகர்த்தக் கூடாது.

புதிதாக வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கனடாவில் துப்பாக்கிக்கு ஒரு உரிமம், வேட்டைக்கு ஒரு உரிமம் என்று இரண்டும் தனித்தனி. அதனால் "ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க" என்று நண்பர் துப்பாக்கியை நீட்டினால், உங்கள் நிலை தெளிவாகத் தெரியாதவரை கையில் வாங்காதீர்கள். விசா விஷயத்தில் கூச்சப்பட்டுக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து ஆரஞ்சு வெஸ்ட்டும் தொப்பியும். ஒன்டாரியோவில் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சும், தலையில் ஆரஞ்சுத் தொப்பியும் அணிய வேண்டும் என்பது விதி. பென்சில்வேனியாவில் 250 சதுர அங்குலம். வேடிக்கை பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். தூரத்தில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மான் கண்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். அதன் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே ஜீன்ஸ் வீட்டில் இருக்கட்டும். வெள்ளை எதுவும் வெளியே தெரியக் கூடாது. வெள்ளைவால் மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கிக் காட்டும் நிறம் அது; மான் என்று நினைத்து யாராவது உங்களைச் சுட்டுவிடலாம். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துவதுகூட ஆபத்து என்று பழைய ஆட்கள் எச்சரிப்பது இதனால்தான்.

உடை விஷயத்தில் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். உட்காரும் இடம் வரை நடக்கும்போது வியர்க்கும். அந்த ஈரம் அரை மணி நேரத்தில் ஐஸாகக் குளிரும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ். கனமான ஜாக்கெட்டைப் பையில் கட்டிக்கொண்டு போய், உட்கார்ந்தபின் போடுங்கள். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். சரசரக்கும் மழைக்கோட்டும் உதவாது. கூடுதலாக ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ், சூடேற்றும் பொட்டலங்கள், உட்கார ஒரு தடித்த மெத்தைத் துண்டு இருக்கட்டும். இந்த மெத்தைத் துண்டு அற்பமாகத் தோன்றும். காலை பத்து மணிக்கு அதன் அருமை தெரியும்.

சென்ட், வாசனை சோப்பு, தலை எண்ணெய் எதுவும் கூடாது. மணத்தை மறைப்பதாகச் சொல்லும் ஸ்ப்ரேக்களை நான் பெரிதாக நம்புவதில்லை. காற்று உங்கள் பக்கமிருந்து மான் பக்கம் வீசினால் எதுவும் காப்பாற்றாது. காற்றின் திசையைத் தூவிப் பார்க்க ஒரு சின்ன டப்பாவில் பவுடர் இருந்தால் போதும்.

மான் நடமாடுவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். அதனால் போவதும் வருவதும் இருட்டில்தான். தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, விசில் கட்டாயம். குளிரில் போன் சார்ஜ் மளமளவென்று இறங்கும். உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தூரத்தில் அசைவதைப் பார்க்க சொந்தமாக ஒரு பைனாகுலர் வேண்டும். என்ன அது என்று துப்பாக்கி ஸ்கோப் வழியாகப் பார்ப்பது, மனிதர்மேல் துப்பாக்கியை நீட்டுவதில் முடியலாம். சாப்பாட்டையும் தண்ணீரையும் மொறுமொறுக்காத உறையில் வையுங்கள்.

மரத்தில் பரண் கட்டி உட்காரும் இடமென்றால், உடம்பு முழுவதையும் தாங்கும் பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் ஏறாதீர்கள். வேட்டையில் தோட்டாவைப் போலவே பரணிலிருந்து விழுவதும் ஆளை முடக்கும். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், கீழிருந்து கயிற்றில் கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும். அந்தக் கயிறும் பையில் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டியில் ரத்தம் நிறுத்தும் இறுக்குப் பட்டை ஒன்று அவசியம். அதைக் கட்டத் தெரிந்திருப்பது இன்னும் அவசியம்.

சரி, மான் விழுந்துவிட்டது. இப்போதுதான் பலருக்குப் பையில் என்ன குறைகிறது என்று தெரியும். குடலை எடுக்க மூன்று, நான்கு அங்குலக் கூர்மையான கத்தி போதும். பெரிய கத்தி குடலைக் கிழித்து இறைச்சியைக் கெடுக்கும். ரப்பர் கையுறை இரண்டு மூன்று ஜோடி, பேப்பர் டவல், ஈரலும் இதயமும் வைக்கப் பிளாஸ்டிக் பை, இழுத்துவர உறுதியான கயிறு, காரில் ஐஸ் நிரம்பிய பெட்டி. இறைச்சியை முடிந்தவரை சீக்கிரம் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். தோட்டா பாய்ந்த இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும்.

மான்களின் மூளையைச் சிதைக்கும் CWD (கிரானிக் வேஸ்டிங் டிசீஸ்) என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டு, இப்போது பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. என்றாலும் நோய் உள்ள பகுதியில் மானைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்தபின் சமைப்பதே முறை. மூளையிலும் முதுகுத்தண்டிலும் கத்தி வைக்காதீர்கள்.

கடைசியாக, நுனி கூர்மையான ஒரு இடுக்கி. உண்ணி கடித்திருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க அதுதான் வேண்டும். வீடு திரும்பியதும் அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமுடி எல்லாம் தேடிப் பாருங்கள். உடைகளை டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓட்டிவிட்டு, அப்புறம் துவைக்கப் போடுங்கள்.