புதுச்சேரியை நடந்து பார்க்க: கடற்கரையில் தொடங்கி வாய்க்காலைத் தாண்டி

புதுச்சேரியின் பழைய நகரத்தைப் பார்க்க வழிகாட்டியும் தேவையில்லை, வாகனமும் தேவையில்லை. நீள்வட்டமாகச் சுற்றிவரும் அகன்ற சாலைகளுக்குள் அடங்கிய அந்த ஊரில், வீதிகள் சதுரங்கப் பலகையின் கோடுகளைப் போல ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்கின்றன. 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள் வகுத்த திட்டமே இதற்கு அடிப்படை. கடல் எப்போதும் கிழக்கே இருக்கும். வடக்குத் தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்தால் வழி தவறுவதற்கு இடமே இல்லை. வருகிறவர்களில் பலர் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் உள்ள மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது பாதி ஊரைத்தான். ஆகவே இங்கே சொல்லப்போகும் பாதை, கடலோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே சென்று, வாய்க்காலைக் கடந்து, தமிழர் பகுதியின் வழியாக மீண்டும் தெற்கே இறங்குகிறது. நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இதற்கு ஏற்ற காலம். அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழை எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடும். மே மாதத்தில் நடக்க நினைப்பவர்கள் ஒன்பது மணிக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. எந்த மாதமானாலும் விடியும் முன் கிளம்புங்கள். இந்தக் கடலில் சூரியன் உதிக்குமே தவிர மறையாது என்பதை மறந்து, மாலையில் வந்து ஏமாறுகிறவர்களை அடிக்கடி பார்க்க முடிகிறது. கோயிலும் மாதா கோயிலும் வழியில் இருப்பதால், எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பே வசதியானது. பாரதி பூங்காவின் அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குள்ளும் போக வேண்டுமென்றால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள்.

கடற்கரைச் சாலையின் தெற்கு முனையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் சிலை நிற்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். மாலை முதல் மறுநாள் காலை வரை இந்தச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், அந்த வேளையில் முழுச் சாலையும் நடப்பவர்களுக்கே சொந்தம். இடப்பக்கம் வரும் மேரி கட்டடம் பழையதுபோல் தோன்றினாலும் புதியது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் மூலக் கட்டடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்த பின், அதே தோற்றத்தில் திரும்பக் கட்டப்பட்டது. கரையோரத்துக் கருங்கற்களுக்கும் ஒரு காரணம் உண்டு. தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் எழுந்தபின், கடலோட்டம் வடக்கே கொண்டுசெல்ல வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட, நகரத்தின் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டியவையே இந்தக் கற்கள். அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, தலைமைச் செயலகத்தின் எதிரே ஓரளவு மணல் திரும்பியிருக்கிறது. கற்களின் மேல் ஏறுவதோ இங்கே குளிப்பதோ வேண்டாம்.

காந்தி சிலையையும் 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும் பார்த்தபின், கடலை விட்டு உள்வீதிகளுக்குத் திரும்பலாம். துய்மா, ரொமேன் ரோலன், சுய்ஃப்ரென் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய நீலப் பலகைகள் மூலைக்கு மூலை இருக்கின்றன. இங்கே கட்டடங்களின் பட்டியல் எதுவும் வேண்டியதில்லை; பிடித்த வீதியில் நுழைந்து, அடுத்த குறுக்கு வீதியில் திரும்பினாலே போதும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: வீடு வீதிக்கு முகம் காட்டுவதில்லை. உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும்தான் வெளியே தெரியும். தோட்டமும் தூண் வரிசையும் உள்ளே மறைந்திருக்கும். யாரேனும் ஒரு வீட்டைக் காட்டி முந்நூறு ஆண்டு பழையது என்றால் சற்றுச் சந்தேகப்படலாம், ஏனெனில் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று காண்பதில் பெரும்பகுதி அதற்குப் பின், பழைய வீதிக் கோடுகளின் மேலேயே எழுந்தது. அப்போது அழிந்த லூயி கோட்டை, இன்றைய பாரதி பூங்கா இருக்கும் பகுதியில்தான் இருந்தது. பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென நிற்கும் ஆயி மண்டபம், நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டப்பட்டது. அங்கே சிறிது உட்கார்ந்துவிட்டு, மணக்குள விநாயகரைக் கும்பிட்டு, விருப்பமானவர்கள் அரவிந்தர் ஆசிரமத்துக்குள் பேசாமல் சென்று வரலாம். படம் எடுக்க அங்கே அனுமதியில்லை.

இனி மேற்கே திரும்பி வாய்க்காலைக் கடக்க வேண்டும். ஒரு கரையில் செஞ்சி சாலை, மறு கரையில் ஆம்பூர் சாலை. இடையில் ஓடுவது இன்று வெறும் கழிவுநீர்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தாலும் குற்றமில்லை. ஆனால் அந்தச் சில அடிகளில் வீடுகளின் குணமே மாறிவிடுகிறது. மதில் போய்த் திண்ணை வருகிறது. திண்ணைக்கு முன்னால் வீதியின் மேலேயே மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரம் வழிப்போக்கருக்காக விடப்பட்டது. வெயிலில் நடப்பவருக்கு அதன் அருமை புரியும். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு வீட்டின் எதிரே நின்று, கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். கீழே மரத்தூணும் திண்ணையும் கொண்ட தமிழ் வீடு. மேலே வளைவுச் சன்னல்களும் கட்டைத்தூண் கைப்பிடிச் சுவரும் கொண்ட பிரெஞ்சு மாடி. இரண்டு ஊர்களும் ஒரே சுவரில் சந்தித்த இத்தகைய வீடுகளே, என் கணிப்பில், புதுச்சேரியின் உண்மையான தனிச்சிறப்பு. இவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். திண்ணையில் பெரியவர் யாரேனும் இருந்தால், படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்டவருக்கு முற்றத்தைப் பார்க்கவும் சில வேளை அழைப்பு வரும்.

அருகிலுள்ள ஈஸ்வரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக உள்ளது. 1908-இல் ஆங்கிலேயரின் பிடியிலிருந்து தப்பி வந்த கவிஞர், பத்தாண்டுகள் இந்த ஊரில் இருந்தார்.

அங்கிருந்து தெற்கே, துய்ப்ளே வீதியாக இருந்து பெயர் மாறிய நேரு வீதியைத் தாண்டினால், பெரிய மார்க்கெட் வந்துவிடும். மீனும் பூவும் காய்கறியும் காலையில்தான் பார்க்கத் தகுந்தவை. ஆகவே பத்து மணிக்குள் அங்கே இருக்கும்படி நடையின் வேகத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதி முழுவதும் சண்டே மார்க்கெட் கடைகள் விரிந்துவிடும். அந்த வீதியில் நடக்க எண்ணாதீர்கள்.

மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் 1761 வரை ஊர் நடப்பையெல்லாம் நாட்குறிப்பாக எழுதிவைத்த அவர், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே சனவரி மாதத்தில், வீழ்ச்சிக்குச் சில நாள் முன்பு இறந்தார். மிஷன் வீதியில் இன்னும் சற்று நடந்தால், 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட சம்பா கோயில் என்னும் தேவாலயத்தைக் காணலாம். சென் பால் (புனித பவுல்) என்ற பெயரே மக்கள் வாயில் சம்பாவாயிற்று. இதற்கு முன்னிருந்த தேவாலயத்தின் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் நின்றது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்ததைப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பின்னாளில் கோயில் வேறிடத்தில், இன்றைய காந்தி வீதியில் எழுந்தது.

இதற்குமேலும் கால் ஒத்துழைத்தால், தெற்கே முஸ்லிம்கள் வாழும் காஜியார் வீதி, முல்லா வீதி வழியாக இறங்குங்கள். தெற்கு புல்வார் எனப்படும் அகன்ற சாலையில், செம்மையும் வெண்மையும் கலந்த திரு இருதய பசிலிக்கா கண்ணில் படும். ரயில் நிலையம் அதற்கு மிக அருகில் உள்ளது. பேருந்து நிலையம் போகிறவர்கள் அங்கிருந்தே ஆட்டோ பிடிக்கலாம், ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொண்டு.